சி-3 குறி எங்கே? - மென்பொருள் பாகங்கள் பற்றிய ஆராய்ச்சி குறித்து

நம் சங்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் மென்பொருள்தான் சோறு போடுகிறது. ஆயத்தப் பாகங்களைச் சேர்த்து மென்பொருள் கட்டுவது எப்படி என்று அதில் ஓர் ஆராய்ச்சித் துறை உண்டு. அக்கட்டுரைகளைப் படித்து வருகிறேன். நான் பேரிங் வியாபாரி. அந்தக் கண்ணோடுதான் படித்தேன்.

1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாட்டில் டக்ளஸ் மக்கில்ராய் இதைத் தொடங்கி வைத்தார். ஆளாளுக்குப் புதிதாக எழுதுவானேன், அட்டவணை பார்த்துப் பாகம் வாங்கலாமே என்றார். அந்த அட்டவணையில் துல்லியம், வேகம், எதைத் தாங்கும் என்பதும் வேண்டும் என்றார். பின்னால் வந்தவர்கள் இதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள் என்பது என் குறை.

கடையில் 6205 என்று கேட்டால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ. எந்தக் கம்பெனி சரக்கும் உட்காரும். ஆனால் சூடேறும் மோட்டாருக்குச் சி-3 குறி போட்டதைக் கொடுக்க வேண்டும். அதில் உள் இடைவெளி கூடுதல். குறி பார்க்காமல் கொடுத்தால் கச்சிதமாக உட்காரும், ஓடும், சூடேறியதும் இறுகிவிடும். 1990களில் வந்த கோர்பா, ஜாவாபீன்ஸ் எல்லாம் பெரும்பாலும் உட்காருவதைத்தான் கவனித்தன.

4-6-1996 அன்று ஏரியான் 5 ராக்கெட் சுமார் 40 வினாடிகளில் சிதறியது. ஏரியான் 4இல் நன்றாக ஓடிய மென்பொருளை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புது ராக்கெட்டின் பக்கவாட்டு வேகம் அதிகம். அதைச் சார்ந்த ஓர் எண் 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. மாற்றுக் கருவியும் இருந்தது, பாருங்கள், அதிலும் அதே சரக்கு! கிளம்பிய பிறகு அந்தக் கணக்கே தேவையில்லை என்பது இன்னும் வேதனை.

எந்த நிபந்தனையில் ஓடும் என்று பாகத்தோடேயே எழுதியிருக்க வேண்டும் என்று 1997இல் ஜெசெக்கெல், மேயர் இருவரும் எழுதினார்கள். எழுதினால் மட்டும் போதுமா, பொருத்துகிறவன் படிக்க வேண்டாமா? எலேன் வெயுக்கர் 1998இல் சொன்னதே எனக்குச் சரியாகப் படுகிறது: ஓரிடத்தில் சோதித்த பாகத்தையும் புது இடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும்.

2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற பாகத்தில் ஓட்டை தெரிந்தபோது, அது தங்கள் சரக்கில் இருக்கிறதா என்றே பல நிறுவனங்களுக்குத் தெரியவில்லை. அதே ஆண்டு மே மாதத்திலேயே அமெரிக்க அரசு பாகப் பட்டியல் கேட்டு ஆணையிட்டிருந்தது. அப்படி ஒரு பட்டியலை என் மகன் காட்டினான். பாகத்தின் பெயர், பதிப்பு எண், செய்தவர் பெயர். "சி-3 எங்கேப்பா?" என்றேன். "அது இதில் வராதுப்பா" என்றான்.