தண்ணீர்த் தொட்டி மட்டும் போதுமா?

என்னிடம் பயிலும் மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு செயல்விளக்கப் படத்தைக் காட்டினார். அமெரிக்க வீடு ஒன்றின் கார் கொட்டகையில், இரும்புச் சட்டத்தின்மேல் ஆழமற்ற தொட்டி ஒன்றை அமைத்து, அதில் நீர் நிரப்பி, குறுக்கே நிறுத்திய பட்டைகளின்மேல் தகட்டை வைத்துப் பிளாஸ்மாவால் வெட்டுகிறார்கள். பொறியும் இல்லை, புகையும் இல்லை. மாணவருக்கு அதே போன்றதொரு மேடையைத் தம் வீட்டில் அமைக்க ஆசை. அதன்பின் அவ்வகைப் படங்கள் பத்துப் பன்னிரண்டைப் பார்த்தேன். அவற்றின் நிறைகுறைகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நிறைகள். பிளாஸ்மா என்பது மின்வில்லின் வெப்பத்தால் அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து மின்கடத்தியாக மாறிய வாயு. வெட்டுமுனையின் சிறு துளை வழியே பீறிட்டு வரும் அதன் வெப்பநிலை 20,000 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும். உருகிய உலோகம் கீழ்நோக்கி ஊதித் தள்ளப்படுகிறது. அந்தப் பொறிகளையும் தூசியின் பெரும்பகுதியையும் தொட்டி நீர் பிடித்துக்கொள்கிறது. தகடு வெப்பத்தால் கோணுவதும் குறைகிறது. பெரிய ஆலைகளில் நெடுங்காலமாகக் கையாளப்படும் முறைதான் இது. தொட்டியை ஓர் இரவு நீர் நிரப்பி வைத்துக் கசிவு பார்ப்பது, தேய்ந்த பட்டைகளை எளிதில் மாற்றும்படி அமைப்பது போன்ற தொழில் நுணுக்கங்களைப் படங்கள் நன்றாகவே விளக்குகின்றன. 1.2 மீட்டர் சதுரத் தொட்டியில் 10 செ.மீ. உயரம் நீர் நின்றால் அதன் எடை 144 கிலோ. இதை எண்ணாமல் மெல்லிய கால்களில் சிறு சக்கரங்களைப் பொருத்துபவர்களும் உண்டு, அது போகட்டும்.

பெருங்குறை அலுமினியத்தில் இருக்கிறது. நான் பார்த்த படங்களில் பல, இரும்புத் தகட்டை வெட்டிய கையோடு அதே நீரின்மேல் அலுமினியத்தையும் வெட்டிக் காட்டுகின்றன. எச்சரிக்கை ஒரு சொல்கூட இல்லை.

அலுமினியப் பாத்திரத்தில் நாள்தோறும் நீர் காய்ச்சுகிறோமே, என்ன ஆகிவிட்டது என்று கேட்கலாம். பாத்திரத்தின் மேல் ஆக்ஸைடுப் படலம் ஒன்று உலோகத்தைக் காக்கிறது. பிளாஸ்மாவின் கீழே விழுவதோ உருகிய நுண்துளிகள். அவற்றின் புதிய பரப்பு நீரைச் சிதைத்து ஹைட்ரஜனை வெளியிடுகிறது. 54 கிராம் அலுமினியம் முழுதும் வினைபுரிந்தால் 6 கிராம் ஹைட்ரஜன் கிடைக்கும். அதாவது ஒரு கிராமுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டர் வாயு.

இனி ஒரு கணக்கு. 3 மி.மீ. தகட்டில் 1.5 மி.மீ. அகலத்துக்கு ஒரு மீட்டர் நீளம் வெட்டினால், சுமார் 12 கிராம் உலோகம் நீரில் விழும். தகட்டுக்கும் நீருக்கும் இடையே 5 செ.மீ. இடைவெளி என்றால், அங்கே 72 லிட்டர் காற்று அடைபட்டிருக்கிறது. காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் ஆனாலே தீப்பற்றும். 72 லிட்டருக்கு 3 லிட்டர் போதும்; அதைத் தர இரண்டரை கிராம் துகள் போதும். விழுந்ததில் ஐந்தில் ஒரு பங்கு வினைபுரிந்தாலே அளவு நிறைந்துவிடுகிறது! பெட்ரோல் ஆவி காற்றில் ஏறக்குறைய ஒன்றரை முதல் ஏழரை சதவீதம் வரைதான் எரியும். ஹைட்ரஜனோ 75 சதவீதம் வரை எரியும். பற்றவைக்கத் தீக்குச்சி தேட வேண்டியதில்லை. மின்வில் தலைக்குமேலேயே இருக்கிறது.

வெட்டி முடித்தபின்னும் அடியில் தங்கிய கசடு மெல்லக் குமிழ் விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே இரவில் தகட்டைத் தொட்டியின்மேல் மூடி போல விட்டுச் சென்று, காலையில் வந்ததும் வில்லை மூட்டுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. ஆலைகளில் நீருக்கடியில் துளைக்குழாய் போட்டுக் காற்றைக் குமிழியிடச் செய்து வாயுவைக் கலைக்கிறார்கள். கசடையும் அடிக்கடி அள்ளுகிறார்கள். வீட்டில் இவ்வளவு ஒழுங்கு நிற்குமென்று நான் நம்பவில்லை. அலுமினியத்தை ரம்பத்தால் அறுப்பதே மேல்.

நீர் எல்லாப் புகையையும் விழுங்கிவிடும் என்ற எண்ணமும் தவறு. காற்றைக் கொண்டே வெட்டும்போது நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடுகள் உண்டாகின்றன. அவற்றுள் நைட்ரிக் ஆக்ஸைடு நீரில் மிகக் குறைவாகவே கரையும். கதவைத் திறந்து வைத்து, வெளியே தள்ளும் விசிறி ஒன்றையும் ஓடவிட வேண்டும். ஜி.ஐ. தகட்டின் துத்தநாகப் புகை காய்ச்சல் தரும். எவர்சில்வர் தகட்டை வெட்டினால் குரோமியத்தின் நச்சுச் சேர்மங்கள் உண்டாகின்றன. அவை நீரிலும் சேரும். அந்த நீரைச் செடிக்கோ சாக்கடைக்கோ ஊற்றலாகாது. வில்லின் புறஊதாக் கதிர்களை நீர் மேலிருந்து தடுப்பதில்லை. வில் கண்ணில் படுமானால் 8-ஆம் எண் கண்ணாடியாவது அணிய வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றிப் படங்கள் சொல்வது மிகக் குறைவு. சாதாரண வில் பற்றவைப்புக் கருவியில் வில் எழாதபோது மின்னழுத்தம் 80 வோல்ட்டுக்குள் இருக்கும். பிளாஸ்மாக் கருவியில் அது 200, 300 வோல்ட்டுக்கும் மேல் போகும். ஈரத்தரையில் நிற்பவருக்கு இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. தொட்டியையும் சட்டத்தையும் தடித்த கம்பியால் எர்த் செய்ய வேண்டும். கருவியை நீர் தெறிக்காத இடத்தில் வைக்க வேண்டும். கையுறையும் காலணியும் உலர்ந்திருக்க வேண்டும். வெட்டுமுனையின் உறுப்புகளை மாற்றுமுன் மின்தொடர்பை முழுதும் துண்டிக்க வேண்டும்.

இன்னொன்று. 40 ஆம்பியரில் வெட்டும் கருவி, வில்லில் 96 வோல்ட் என்று கொண்டால், 3,840 வாட் தருகிறது. இழப்பையும் சேர்த்தால் நம் 230 வோல்ட் இணைப்பிலிருந்து 20 ஆம்பியருக்குச் சற்று அப்பாலும் இழுக்கும். நம் வீட்டுப் பவர் பிளக்கோ 16 ஆம்பியருக்கானது. அமெரிக்கக் கொட்டகையில் இதற்கெனத் தனி இணைப்பு இருப்பது படத்தின் ஓரத்தில் தெரிகிறது. சொல்பவர் அதைச் சொல்வதில்லை.

மாணவர் தொட்டியைக் கட்டி முடித்துவிட்டார். அலுமினியத்துக்கென ரம்பமும் வாங்கிவிட்டார். தனி இணைப்பும் எர்த் கம்பியும் வரும்வரை கருவியை இயக்குவதில்லை என்று கூறியிருக்கிறார். மின்பணியாளர் வரும் நாளில் நானும் போய்ப் பார்ப்பதாக இருக்கிறேன்.