எண்ணெய் குடித்த புஷ்

கரிவலம்வந்தநல்லூர் மாதிரி ஊர்களில் ஃபேன் ரிப்பேர் கடை டப்பாவில் கிடக்கும் வெண்கலக் குமிழ், டேபிள் ஃபேனின் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ். வார்த்ததல்ல, உலோகப் பொடியை அச்சில் அழுத்திச் சுட்டது. துடைத்துவிட்டு உள்ளங்கையில் பொத்தி வைத்தால், சூட்டுக்கு மறுபடி எண்ணெய் கசியும்.

பொதுவாக 90 பங்கு செம்பு, 10 பங்கு வெள்ளீயம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிச் செம்புக்குள் ஓடிவிடும்; இருந்த இடம் ஓட்டையாகும், புஷ் உப்பும். 800 டிகிரி தாண்டினால் துகள்கள் பிணைந்து சுருங்கும். இந்த உப்பலுக்கும் சுருக்கத்துக்கும் கணக்குப் பார்ப்பதில்தான் வித்தை. சூடு போதாவிட்டால் உதிரும். மிஞ்சினால் துளைகள் அடைந்து எண்ணெய் குடிக்காது. காற்று பட்டால் ஆக்சைடு படிந்து ஒட்டவே ஒட்டாது; அதனால் சூளைக்குள் ஹைட்ரஜன் கலந்த வாயு.

ஓசூரில் சுந்தரம் ஃபாசனர்ஸ் இதே முறையில் வாகன உதிரிபாகங்கள் செய்கிறது. பளு தாங்கும் அந்தப் பாகங்களில் துளையைக் குறைக்கத்தான் பாடுபட வேண்டும். புஷ்ஷிலோ எண்ணெய் தங்க ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம். நாம் காசு கொடுப்பதே அதற்குத்தான்! ஷாஃப்ட் சுழன்று சூடேற எண்ணெய் வெளியே வரும், ஆறினால் உள்ளே போகும்.

இறுக்கமாக இருக்கிறதென்று உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்ப்பவர்களைக் கண்டால்தான் எனக்கு ஆத்திரம். துளை வாயெல்லாம் மூடிக்கொள்ளும்.