கடலுக்குப் பொருந்தும், கரைக்கு?

கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்த கடற்கரைப் படத்துக்குக் கிடைக்கும் முதல் பாராட்டு, “அந்தக் காலத்துப் படம் மாதிரியே இருக்கிறது” என்பதுதான். பாராட்டாகச் சொல்லப்படும் இந்த வாக்கியத்தில்தான் இந்த முறையின் பலம், பலவீனம் இரண்டும் அடங்கியிருக்கின்றன.

பலத்தை முதலில் பார்ப்போம். கடலும் ஒளிப்படமும் மோதிக்கொண்ட கதை பழையது. 1850களின் ஒளிப்படத் தகடுகள் நீல ஒளிக்கு மட்டுமீறிய உணர்திறன் கொண்டவை. கடலுக்கு ஏற்ற ஒளியளவு கொடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1857இல் செத் நகரக் கரையில் உருவாக்கிய ‘பேரலை’ படத்தில் வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களை அடிவானத்தில் இணைத்திருக்கிறார். இன்றைய ஃபிலிம் எல்லா நிறங்களையும் பார்க்கும். ஆனாலும் நீலத்தின் மீதான சாய்வு முற்றிலும் போய்விடவில்லை. அதனால்தான் மஞ்சள் ஃபில்டர் தேவைப்படுகிறது. ஒரு ஸ்டாப், அதாவது பாதி ஒளியை விலையாகக் கொடுத்தால் மேகங்கள் வானத்திலிருந்து பிரிந்து தெரியும். சிவப்பு ஃபில்டர் ஏறக்குறைய மூன்று ஸ்டாப் கேட்கும். பகல் வானத்தையே புயல் வானமாக இருட்டிவிடும். லெ கிரே இரண்டு நெகட்டிவில் செய்ததை இன்று ஒரு கண்ணாடி வில்லை செய்கிறது.

அதைவிடப் பெரிய பலம், ஃபிலிம் வெளிச்சத்தைத் தாங்கும் விதம். நுரை, ஈர மணல், வெயிலில் பளீரிடும் நீர் இவை டிஜிட்டல் கேமராவில் சட்டென்று வெள்ளையாகி விவரம் இழந்துவிடும். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் அந்த இடங்கள் மெல்ல மெல்லத்தான் கரைகின்றன. அலை உடையும் கணத்தில் நுரைக்குள் எத்தனை அடுக்குகள் என்று எண்ணும் அளவுக்கு விவரம் தங்குகிறது. நிறம் விலகியதும் மணலின் வரிகளும் கயிற்றின் முறுக்கும் முன்னுக்கு வருகின்றன.

ஜப்பானியக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1980இல் தொடங்கிய கடல் வரிசை இதன் உச்சம். மேல் பாதி வானம், கீழ்ப் பாதி நீர், வேறெதுவும் இல்லை. எந்த நாடு, எந்த ஆண்டு என்று படம் சொல்லாது. ஆதிமனிதன் கண்ட கடலை நாமும் காண முடியுமா என்பதே அவர் கேள்வி. அங்கே காலம் அழிவது குறையல்ல, நோக்கமே அதுதான்.

இனிக் குறைகள். நடைமுறைச் சிக்கல்கள் தீர்க்கக்கூடியவை. மணல்துகள் ஒன்று கேமராவுக்குள் புகுந்தால் சுருள் முழுக்க நெடுங்கோடு விழும். உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். டெவலப் செய்ய 20 டிகிரி செல்சியஸ் என்று குறிப்புகள் சொல்லும். சென்னைக் கோடையில் குழாய்த் தண்ணீரே 30ஐத் தாண்டும், ஐஸ் போட்டுத்தான் சமாளிக்க வேண்டும். 1960இல் உதகையில் நிறுவப்பட்டு ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் தந்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் மூடப்பட்டுவிட்டதால், இன்று சுருளெல்லாம் இறக்குமதி, விலையும் அப்படியே.

தீர்க்கக் கடினமான குறை வேறு. கடலிலிருந்து காலத்தை எடுத்தால் கடல் குறைவதில்லை. கரையில் உழைக்கும் மனிதர்களிடமிருந்து எடுத்தால் அவர்கள் குறைந்துபோகிறார்கள். சென்னை நொச்சிக்குப்பத்துக் கரையில் நிற்பது ஃபைபர் படகு, அதில் மோட்டார், படகுக்காரர் கையில் செல்போன். டீசல் விலையும் கரையரிப்பும் அவருடைய இன்றைய கவலைகள். படகின் வண்ணப்பூச்சும் சங்கரா மீனின் சிவப்பும் நைலான் வலையின் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகும்போது, இந்தக் காலைப்பொழுது ஐம்பது ஆண்டு பின்னுக்குப் போய்விடுகிறது. பார்ப்பவர் அவருக்காகக் கவலைப்படுவதில்லை, ஏக்கம் கொள்கிறார்.

இதோடு சேர்ந்துகொள்கிறது நம் கரையின் திசை. சோழமண்டலக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. படகுகள் கரையேறுவதும் பெரும்பாலும் காலையில்தான். மணலில் நின்று கடலைப் பார்த்து எடுப்பவர் அப்போது எதிர்வெயிலில் எடுக்கிறார். பளபளக்கும் நீரைப் பார்த்து மீட்டர் ஏமாந்து ஒளியைக் குறைக்க, முன்னால் நிற்கும் கறுத்த முகம் முழு இருட்டாகிறது. இப்படித்தான் வலை இழுப்பவர்களும் கூடை சுமப்பவர்களும் பெயரும் முகமும் இல்லாத நிழலுருவங்களாகக் கண்காட்சிச் சுவர்களில் தொங்குகிறார்கள். அழகான படங்கள்தான். ஆனால் அவற்றில் இருப்பவரை அவர் வீட்டாரே அடையாளம் காண முடியாது.

குற்றம் முழுவதும் ஃபிலிமுடையது என்று சொல்ல முடியாது. 1960களின் பிற்பகுதியில் ஆங்கிலேயரின் கடலோர விடுமுறையைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த டோனி ரே-ஜோன்ஸின் படங்களில் ஒவ்வொரு முகமும் தெளிவாக இருக்கிறது. ஒரே சட்டகத்துக்குள் நாலைந்து பேர் தத்தம் நினைப்பில் ஆழ்ந்திருக்கிறார்கள். மேகமூட்டத்தின் மென்மையான வெளிச்சம் அவருக்கு உதவியது; நமக்கு அந்த வசதி இல்லை. அதே நாட்டின் நியூ பிரைட்டன் கரையை மார்ட்டின் பார் 1980களில் வண்ணத்தில் எடுத்து, 1986இல் ‘தி லாஸ்ட் ரிசார்ட்’ நூலாக்கினார். குப்பைக்கு நடுவே ஐஸ்கிரீம் தின்னும் குடும்பங்களை அந்த உறுத்தும் வண்ணங்கள்தான் அந்தப் பத்தாண்டுக்குள் நிறுத்துகின்றன. பொருட்களும் காலமும் பேச வேண்டிய இடத்தில் வண்ணமே சரியான தேர்வு. அங்கே கறுப்பு வெள்ளையைப் பிடித்துக்கொண்டிருப்பது வீம்பு.

முகங்கள் பேச வேண்டிய இடத்தில் கறுப்பு வெள்ளைக்கு இன்னும் வலிமை உண்டு, ஒரு நிபந்தனையோடு. நிழலுக்கு ஒளியளவு கொடு, வெளிச்சத்துக்கு டெவலப் செய் என்பது இருட்டறைக்காரர்களின் பழைய விதி. முகத்தில் விழும் ஒளியை அளந்து அதற்கே எக்ஸ்போஷர் வைத்து, டெவலப் நேரத்தைக் குறைத்தால், மனிதரும் தெரிவார், பின்னாலுள்ள நுரையும் தப்பும். ஃபிலிமின் தாங்குதிறன் அதற்குத்தான் இருக்கிறது. வானத்தை மட்டும் காப்பாற்றுவதற்கு அல்ல. ஒளியை அப்படி அளக்க அவர் பக்கத்தில் போக வேண்டும், அனுமதி கேட்க வேண்டும், பேச வேண்டும். மாலையில் வெயில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து விழும்போது மறுபடி வர வேண்டும். இதற்குப் பொறுமை உள்ளவர் தாராளமாகக் கறுப்பு வெள்ளைச் சுருளோடு கரைக்குப் போகலாம். இல்லாதவர் கடலை மட்டும் எடுக்கட்டும்.