விடை கூறாத பாடநூல்

கவிதையையும் நாவலையும் துருவித் துருவி ஆராயும் நாம், பல்லாயிரம் பிள்ளைகளின் சிந்தனையை உருவாக்கும் பாடநூலை விமர்சனத்துக்கு உரியதாகக் கொள்வதில்லை. இது பெருங்குறையாகும். ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளை எவ்வளவு மதிக்கின்றது என்பதை அதன் பாடநூல்களே காட்டிவிடுகின்றன. இந்நோக்கிலேயே, 'குழந்தை விஞ்ஞானி' என்று பொருள்படும் 'பால் வைக்ஞானிக்' என்னும் ஹிந்தி நூல் வரிசையை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

இந்நூல் தோன்றிய சூழலை முதலில் அறிதல் வேண்டும். இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில், இன்று நர்மதாபுரம் எனப் பெயர் மாறியுள்ள ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972ஆம் ஆண்டு 16 கிராமப் பள்ளிகளில் புதியதொரு விஞ்ஞானக் கல்வித் திட்டம் ஆரம்பமாயிற்று. கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராமிய நிலையம் ஆகிய இரு தொண்டு நிறுவனங்கள் அரசின் இசைவுடன் இதனைத் தொடங்கின. பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தையும் டில்லிப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த விஞ்ஞானிகள் கிராமத்து ஆசிரியர்களோடு கூடி உழைத்தனர். 1978இல் திட்டம் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982இல் அமைக்கப்பட்ட 'ஏகலவ்யா' நிறுவனம் பின்னர் அதனை முன்னெடுத்துச் சென்றது.

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையான மாணாக்கருக்குரிய இந்நூலின் தலையாய சிறப்பு, அது விடை கூறாமையே. வழக்கமான பாடநூல் முடிந்த முடிபுகளை உரைத்துவிட்டு அவற்றை மனனம் செய்யுமாறு பணிக்கிறது. இந்நூலோ, செய்து பார், கண்டதை எழுது, வேறுபாடு தோன்றின் வாதிடு என்கிறது. நால்வர் நால்வராக அமர்ந்து பரிசோதனை செய்யும் பிள்ளைகள் தம் குறிப்பேட்டில் எழுதுவனவே நூலை நிறைவு செய்கின்றன. வாசகனைப் படைப்பில் பங்காளியாக்குதல் பற்றி நாம் இலக்கிய மேடைகளிற் பேசுகிறோம். இங்கே பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதனைச் செய்து காட்டுகிறது.

உபகரணங்களும் கிராமத்துப் பொருள்களே. பூவைப் பகுத்துப் பார்க்கக் கருவேல முள் போதுமானதாயிற்று. 1978இல் அங்கு சென்ற பொறியியலாளர் அரவிந்த் குப்தா, நெருப்புக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு ரியூப் துண்டுகளால் இணைத்து உருவங்கள் அமைக்கும் முறையை உருவாக்கினார். அவ்வாறு அமைத்த முக்கோணத்தை அமுக்கினால் அது உருக்குலைவதில்லை. சதுரமோ சரிந்து சாய்சதுரமாகிவிடும். பாலத்துச் சட்டங்களில் முக்கோணங்கள் ஏன் நிறைந்துள்ளன என்பதைப் பிள்ளை தன் விரல்களாலேயே உணர்ந்துகொள்கிறது. பரீட்சையும் இதற்கேற்ப மாறியது: புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. 'சவாலிராம்' என்னும் கற்பனை மனிதருக்குப் பிள்ளைகள் கேள்விகளைக் கடிதமாக எழுதினர். அவற்றுக்கு மறுமொழியும் சென்றது. உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளின் 'ஏன்' என்னும் வினாவைப் பதிலுக்கு உரியதாக மதித்தமையை நாம் சிறிய காரியமாகக் கருதவில்லை.

குறைகளையும் கூறவேண்டும். விடை கூறாத நூல் முழுச் சுமையையும் ஆசிரியர் மீது ஏற்றுகிறது. இடைவிடாத பயிற்சியும் துணையும் அவருக்குக் கிடைக்காவிடின், அது வெறும் வினாக்கோவையாகிவிடும். எட்டாம் வகுப்போடு திட்டம் நின்றுவிட்டதால், ஒன்பதாம் வகுப்பிற் பிள்ளைகள் மீண்டும் பழைய மனனக் கல்விக்கே திரும்ப நேர்ந்தது. சுற்றிலும் பழைய முறை நிலைத்திருக்க, நடுவே ஒரு தீவாக நிற்கும் சீர்திருத்தம் எத்தனை நாள் நிலைக்கும்?

இன்னோர் எச்சரிக்கையும் அவசியமாகிறது. கருவேல முள்ளைப் போற்றுவோர், ஏழைப் பிள்ளைக்கு முள்ளே போதும் என்று சொல்லத் துணிந்துவிடலாகாது. முள் அறிவைத் தொடங்கிவைக்கலாம். ஆனால் நுணுக்குக்காட்டியும் ஆய்வுகூடமும் அப்பிள்ளையின் உரிமை. மலிவான உபகரணம் அரசு தன் கடமையைக் கைவிடுவதற்குச் சாட்டாக அமையுமானால், அது வறுமைக்கு வக்காலத்து வாங்குவதேயாகும்.

2002இல் மாநில அரசு இத்திட்டத்தை நிறுத்திவிட்டது. மேலே கூறிய குறைகள் திருத்தத்தை வேண்டி நின்றனவேயன்றி ஒழிப்பையன்று. ஆசிரியருக்குத் துணை போதாதெனில் அதனைப் பெருக்கியிருக்கலாம். எட்டாம் வகுப்போடு நிற்கிறதெனில் மேல்வகுப்புக்குக் கொண்டு சென்றிருக்கலாம். அவ்வாறு செய்யாது, முப்பது ஆண்டு உழைப்பை ஓர் ஆணையால் முடித்துவைத்ததை எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

குருவின் வாசலில் இடமறுக்கப்பட்டும் தானே கற்றுத் தேர்ந்தவன் ஏகலைவன். அவனிடம் கேட்கப்பட்ட காணிக்கை அவனது பெருவிரல். கையாற் செய்து கற்கும் வாய்ப்பைக் கிராமத்துப் பிள்ளைகளிடமிருந்து பறிப்பவர்கள் இன்றும் அதே காணிக்கையைத்தான் கேட்கின்றனர். அதனைக் கொடுக்க மறுப்பதே கல்வியில் அக்கறையுள்ள யாவரினதும் கடமை என நாம் கருதுகிறோம்.