யோவான் நற்செய்தியில் தோமாவின் ஐயமும் உயிர்த்தெழுதல் நம்பிக்கையும்

முன்னுரை

கிறித்தவ நம்பிக்கையின் அடித்தளம் இயேசுவின் உயிர்த்தெழுதல் ஆகும். அது நிகழவில்லையெனில் தம் அறிவிப்பும் கேட்போரின் நம்பிக்கையும் வீணே என்பதைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தில் வெளிப்படையாகவே கூறுகிறார். இத்துணை இன்றியமையாத செய்தியை நம்ப மறுத்த ஒரு சீடரை யோவான் நற்செய்தி மறைக்கவில்லை. தன் 20ஆம் அதிகாரத்தில் முன்னிறுத்துகிறது. அதன் நோக்கத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

எதிர்ப்புக்கு அஞ்சாத தோமா

'சந்தேகத் தோமா' என்னும் வழக்கு அவரை நம்பிக்கையற்றவராகவே நிலைநிறுத்திவிட்டது. பனுவல் காட்டும் தோமா வேறானவர். தம்மைக் கல்லெறிய முயன்றோர் இருந்த யூதேயாவுக்கு இயேசு மீண்டும் செல்ல முற்பட்டபோது, அவரோடு சென்று இறப்போம் என உடன்சீடர்களை அழைத்தவர் இவரே (11:16). எனவே இவரது ஐயத்தைக் கோழைமையின் விளைவாகக் கொள்ளுதல் பொருந்தாது. உடன் இறக்கத் துணிந்த அன்பு, இழப்புக்குப் பின் பிறர் கூறும் ஆறுதலை எளிதில் ஏற்க மறுக்கிறது எனக் கொள்வதே தகும்.

மூடிய கதவுக்குள் ஐயம்

ஏனைய சீடர்களும் இயேசுவின் கைகளையும் விலாவையும் கண்ட பின்னரே மகிழ்ந்தனர் (20:20). தொட்டறிய வேண்டும் என்பது மட்டுமே தோமா கூடுதலாகக் கேட்டது. மேலும், எட்டு நாள்களுக்குப் பின்னரும் கதவுகள் மூடப்பட்டே இருந்தன (20:26). முதல் நாளில் அச்சத்தைக் காரணமாகச் சுட்டிய ஆசிரியர் இம்முறை காரணம் கூறவில்லை. எனினும், கண்டவர்களும் உடனே துணிவு பெற்றுவிடவில்லை என்று கருத இடமுண்டு. அக்கதவுக்குள் தோமாவும் இருக்கிறார். நம்பாதவரைச் சீடர் குழு விலக்கவில்லை. அவரும் குழுவைவிட்டு நீங்கவில்லை. பற்றுறுதி இங்கே முதலில் உடனிருத்தலாகவே வெளிப்படுகிறது.

அழைப்பும் அறிக்கையும்

நம்பாதவராக இராதே என இயேசு தோமாவைக் கடிந்துரைப்பதால் (20:27) பனுவல் ஐயத்தைக் கண்டிக்கிறது எனலாம். ஆயின் அக்கடிந்துரைக்கு முன்பே, அவர் கேட்டவாறே தொட்டறிய அழைப்பு விடுக்கப்படுகிறது. காரவாஜ்ஜோவின் புகழ்பெற்ற ஓவியத்தில் தோமாவின் விரல் காயத்தினுள் நுழைகிறது. பனுவலிலோ அவர் தொட்டதாகக் குறிப்பே இல்லை. அழைப்பை அடுத்து வருவது, இயேசுவை ஆண்டவராகவும் கடவுளாகவும் ஏற்கும் அறிக்கை (20:28). இந்நற்செய்தியின் உச்சமான அறிக்கை ஐயுற்றவர் வாயிலிருந்தே பிறக்கிறது. உயிர்த்த உடலிலும் காயங்கள் நீங்காதிருத்தல் நோக்கத்தக்கது: எதிர்த்தோர் இட்ட வடுவே அவரை இன்னார் என அறியும் அடையாளமாகிறது.

முடிவுரை

காணாமல் நம்புவோர் பேறுபெற்றோர் என்னும் கூற்று (20:29) பிற்கால வாசகரை நோக்கியது. காணும் வாய்ப்பற்ற அவர்களின் ஐயத்தைத் தோமா முன்னரே கேட்டுவிடுகிறார். ஆகவே யோவான் காட்டும் நம்பிக்கையுறுதி ஐயமே எழாத நிலையன்று. ஐயத்தை மறைக்காமலும் அதன்பொருட்டு விலகிச் செல்லாமலும் காத்திருக்கும் நிலையாகும்.