உப்பின்றி வெந்த கீரை
சிறுபாணாற்றுப்படை காட்டும் உடல், மனம், உயிர்

உடல், மனம், உயிர் ஆகிய மூன்றும் எவ்வாறு இயைந்துள்ளன என்னும் வினா மெய்ப்பொருளியலார்க்கு மட்டும் உரியதன்று. பசித்த வயிற்றோடு மானம் காக்க நேர்ந்த ஒவ்வொருவரும் அவ்வினாவை எதிர்கொண்டவரே. தமிழிலக்கியத்தில் இதற்குக் கூர்மையான விடை தரும் இடங்களுள் ஒன்று, பாழ்பட்ட சமையலறை ஒன்றைப் பாடும் சில அடிகள். உப்பு விளையும் மரக்காணக் கடற்கரையோடு தொடர்புடைய பாட்டில் அவை அமைந்திருப்பது அவற்றுக்குத் தனிப்பொருள் தருகிறது.

உப்புக் கரையின் பாட்டு

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளால் ஆனது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனை இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியது. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு பாணனுக்கு வழி கூறுவதாக அது அமைந்துள்ளது. அவ்வழியில் வரும் நெய்தல் நகரமாகிய எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. ஒருபுறம் கழுவெளி நீர்ப்பரப்பும் மறுபுறம் வங்கக் கடலும் சூழ்ந்த இவ்வூர் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. புலவரின் இடைக்கழிநாடு இதற்கு வடக்கே, அதே கடற்கரையில், இன்றும் அப்பெயரோடு விளங்குகிறது. கழிகளுக்கு இடைப்பட்ட நாடு என்பதே அப்பெயரின் பொருள். உவர்நீரும் உப்பும் நத்தத்தனார்க்கு அன்றாடக் காட்சியாய் இருந்திருக்கும். அத்தகைய புலவர் உப்பில்லாத உணவொன்றைப் பாடும்போது, அச்சொல் தற்செயலாக வந்து விழுந்தது என்று கொள்வது அரிது.

அடைத்த கதவின் உள்ளே

பரிசில் பெற்ற பாணன் தன் பழைய நிலையை நினைவுகூர்கிறான். கழிகள் கழன்று விழும் பழஞ்சுவர். அதில் கறையான் அரித்த மண். அம்மண்ணில் பூத்த காளான். அடுப்படியில் அண்மையில் ஈன்ற நாய் ஒன்று கிடக்கிறது. கண் திறவாத குட்டிகள் பாலற்ற மடியைப் பற்றி இழுக்க, வலி பொறாமல் அத்தாய் குரைக்கிறது. அதே வீட்டில் பசியால் மெலிந்து இடை ஒடுங்கிய கிணைமகள், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பின்றி வேகவைக்கிறாள். அறிவற்றோர் பார்த்துவிடுவரே என்று நாணிக் கதவை அடைக்கிறாள். பின் தன் பெருஞ்சுற்றத்தோடு ஒருங்கிருந்து உண்கிறாள்.

இங்கே இரு தாய்மார் உள்ளனர். இருவரையும் வாட்டுவது ஒரே பசி. நாயின் பசி அதனைத் தன் குட்டிகளிடமிருந்தே பிரிக்கிறது. அதைப் பழித்தல் தகாது. உடல் தாங்கும் எல்லை கடந்தது, அவ்வளவே. கிணைமகளின் பசியும் குறைந்ததன்று. மெலிந்த இடையைக் காட்டியே புலவர் அவளை அறிமுகம் செய்கிறார். ஆயினும் அவள் இரண்டு செயல்கள் செய்கிறாள். கதவை அடைக்கிறாள், இருந்ததைப் பகிர்கிறாள். தொல்காப்பியர் விலங்குக்கு ஐயறிவும் மக்கட்கு மனத்தோடு கூடிய ஆறறிவும் வகுத்தார். அவ்வகுப்பை நத்தத்தனார் ஓர் அடுப்படியில் நிறுத்திக் காட்டுகிறார் எனலாம்.

கதவை அடைப்பது மனத்தின் செயல். நாணம் என்பது பிறர் கண்ணில் தன்னைக் காணும் ஆற்றல். அது மனம் உடையார்க்கே வாய்க்கும். பகிர்ந்துண்பது அதனினும் ஆழ்ந்தது. காண்பார் எவருமில்லை, புகழ்வார் இல்லை, பங்கிட்டால் தன் பங்கு குறையும். அந்நிலையிலும் சுற்றத்தை ஒருங்கே இருத்தி உண்ணச் செய்வது எதுவோ, அதனையே உயிரின் இயல்பு என்று இப்பாட்டு நமக்குக் காட்டுகிறது. இவ்வுயிர் உடலை விட்டு எங்கோ உயரத்தில் நிற்பதன்று. நகத்தால் கிள்ளிய கீரையில், மூட்டிய அடுப்பில், தாழிட்ட கையில் அது செயற்படுகிறது.

மரபு என்னும் மறுப்பு

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். ஆற்றுப்படையில் வறுமை ஒரு மரபு. வறுமை எவ்வளவு இருண்டதோ, வள்ளலின் கொடை அவ்வளவு ஒளிரும். ஆகவே இவ்வடிகளில் மனித இயல்பு பற்றிய சிந்தனையைத் தேடுவது மிகையாகும் என்பர்.

மறுப்பு முற்றிலும் பிழையன்று. உப்பின்றிச் சமைத்த குப்பைக்கீரை புறநானூற்றின் 159ஆம் பாட்டிலும் வருகிறது. குமணனைப் பாடிய பெருஞ்சித்திரனார், தம் மனைவி கீரைத்தளிர் கொய்து உப்பின்றி உலையேற்றியதைக் கூறுகிறார். கருப்பொருள் பொதுவானது என்பது இதனால் தெளிவாகிறது. ஆயினும் அப்பெண் அறத்தையே பழிக்கிறாள். நத்தத்தனாரின் கிணைமகளோ கதவடைத்துப் பகிர்கிறாள். பசி ஒன்று, கீரையும் ஏறத்தாழ ஒன்று, உள்ளங்கள் வேறு. வறுமையைக் காட்டக் கீரையே போதும். வள்ளலைப் புகழவும் அதுவே போதும். அடைத்த கதவு புகழ்ச்சிக்குத் தேவையற்றது. மரபுக்குத் தேவையில்லாத அவ்விடத்தில்தான் புலவரின் சொந்தக் கண் திறக்கிறது.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் பழமொழி. இங்கே பண்டம் குப்பையிலிருந்தே வந்தது, உப்பும் சேரவில்லை. ஆயினும் அது விருந்தாகிறது.

உருகும் உப்பு

உடலையும் மனத்தையும் இணைத்துக் காட்டச் சங்கப் புலவர் உப்பைப் பலமுறை பயன்படுத்தியுள்ளனர். குறுந்தொகை 165இல் பரணர் பாடும் தலைவன் தன் நெஞ்சோடு பேசுகிறான். அவளுடைய கூந்தலின் அழகு கண்டு அந்நெஞ்சு அழிந்தது, பெருமழையில் அகப்பட்ட உப்பு வண்டி அழிந்ததைப் போன்றதாம். நற்றிணை 88இல் நல்லந்துவனார், மழையை ஏற்ற உப்பைப்போலத் தலைவி கரைந்துவிடுவாளோ எனத் தோழியை அஞ்ச வைக்கிறார். அங்கே உப்புக்கு அவர் இட்ட பெயர் கடலில் விளைந்த அமிழ்தம் என்பது.

அம்மூவனார் இன்னும் ஒரு படி செல்கிறார். அகநானூறு 140இல் உப்பு விற்கும் உமணர் மகளைக் கண்டவன் படும் துயருக்கு உவமை, சேற்றில் அழுந்திய வண்டியை இழுத்து வருந்தும் அவள் தந்தையின் எருது. அந்த எருதைப்போல அவனும் வெப்பமாக மூச்செறிகிறான். மூச்சுவிடுதலைத் தமிழ் உயிர்த்தல் என்று சொல்கிறது. உயிர் என்னும் பெயரும் உயிர்த்தல் என்னும் வினையும் ஒரே வேரின. மனத்தின் நோய் எருதின் உடலுழைப்பால் அளக்கப்பட்டு, உயிர்ப்பாக வெளிப்படுகிறது. மூன்றும் ஒரே உவமையில் முடிந்துவிடுகின்றன. அகநானூறு 390இலோ, நெல்லுக்கு நிகராக உப்பை விலைகூறி வருபவளிடம், உன் மேனியில் வாழும் உப்புக்கு விலை யாது என வினவுகிறான் ஒருவன்.

அது காதலனின் குறும்புதான். எனினும் மேனியில் உப்பு வாழ்கிறது என்பது இன்றைய மருத்துவமும் ஏற்கும் செய்தி. நரம்புகளின் வழியே செய்தி பாய்வதற்கு உப்பிலுள்ள சோடியம் இன்றியமையாதது. குருதியில் அது மிகக் குறைந்தால் தலைவலியும் குழப்பமும் தோன்றும்; நிலைமை முற்றினால் நினைவே தப்பும். தெளிந்த மனம் என்று நாம் போற்றுவது ஒரு சிட்டிகை உப்பையும் நம்பியிருக்கிறது.

பிரிவினையின் வரலாறு

இவ்வொருமை பிற்காலத்தில் தளர்ந்தது. நாலடியார் யாக்கை நிலையாமை, தூய்தன்மை என்னும் அதிகாரங்களில் உடலின் அழிவையும் அழுக்கையும் எடுத்துரைக்கிறது. செல்வச் செருக்கை அடக்க அக்கண்டிப்பு தேவைப்பட்டிருக்கலாம். திருக்குறளில் இரு குரல்களும் உள்ளன. நிலையாமை அதிகாரத்தில் உடலுக்கும் உயிருக்கும் உள்ள உறவு, கூட்டைத் தனியே விட்டுப் பறந்த பறவையின் உறவு. காமத்துப்பாலிலோ காதலர் இருவரின் பிரியா உறவுக்கு உடலும் உயிருமே உவமை. ஈரிடத்தும் வள்ளுவர் ஆளும் சொல் ‘நட்பு’. பிரிவதையும் பிரியாததையும் ஒரே சொல்லால் குறித்த அந்நேர்மையை, பின்வந்த உரைகள் பல மறந்தன. உடலை இழுக்கென்று எண்ணியிருந்து பின்பு தெளிந்ததாகத் திருமூலர் கூறுவதும் இங்கு நினைக்கத்தக்கது.

மேலைநாட்டிலும் இதே ஊசலாட்டம் நிகழ்ந்தது. 1641இல் வெளிவந்த தம் தியானங்களில் தெக்கார்த்து, சிந்திக்கும் மனத்தையும் இடத்தை அடைக்கும் உடலையும் இருவேறு பொருள்களாக வகுத்தார். விவிலியத்தின் மொழி அத்தகையதன்று. ஆன்மா என்று நாம் பெயர்க்கும் எபிரேயச் சொல்லாகிய நெபெசு, தொண்டை, மூச்சு, உயிர் என்னும் பொருள்களையும் தருவது. நம் உயிர்த்தலுக்கு மிக அணுக்கமானது. 1312இல் பிரான்சு நாட்டு வியன் நகரில் கூடிய பொதுச்சங்கம், ஆன்மாவே உடலின் உருவமைப்பு என்று அறிவித்தது. உடலைச் சிறையென இகழும் போதனை, திருச்சபையின் பெயரால் ஒலித்தாலும், அதன் மரபுக்கு முழுதும் இசைந்ததன்று.

பாட்டு காணாத பாதங்கள்

இனிச் சிறுபாணாற்றுப்படையின் குறையையும் சொல்லியாக வேண்டும். எயிற்பட்டினத்தில் பாணர்க்குச் சுட்ட மீனும் தேறலும் கிடைக்கின்றன. உறங்கும் ஒட்டகம்போல் கரையொதுங்கிய நறுமண மரமே அங்கு விறகு. உடலின் மகிழ்ச்சியை இவ்வளவு தாராளமாகப் பாடிய புலவர், உப்பு விளைவிக்கும் கைகளையும் கால்களையும் அங்கே பாடவில்லை. அகப்பாடல்களிலும் உப்பு விற்பவளின் வளையொலி கேட்கிறது. பாத்தியில் நின்றவரின் பாதம் தெரிவதில்லை.

அப்பாதத்தைத் தமிழ்ப் புதினத்தில் அழுத்தமாகப் பதித்தவர் ராஜம் கிருஷ்ணன். 1979இல் வெளிவந்த கரிப்பு மணிகள் தூத்துக்குடி உப்பளங்களைக் களமாகக் கொண்டது. உவரில் வெந்த தோலையும், வெண்மையின் கூச்சத்தில் மங்கும் கண்ணையும், அவ்வுடல்களின்மேல் செலுத்தப்படும் அதிகாரத்தையும், அதற்கு எதிராக எழும் தன்மானத்தையும் அது பேசுகிறது. கலைநுட்பத்தில் சங்கப்பாட்டுக்கு அது நிகராகாமற் போகலாம். ஆனால் கிணைமகளின் கதவுக்குள் நுழையும் உரிமை அதற்கு உண்டு.

மரக்காணத்திலும் பாத்தியின் தரையை மிதித்து இறுக்குவதும், உவர்நீரைத் தேக்கி வெயிலில் முறுக்குவதும், திரண்ட மணிகளைப் பலகையால் வாரிக் கரையேற்றுவதும் மனித உழைப்பை வேண்டுவன. நீரின் நிறத்தையும் மினுக்கத்தையும் கண்டு பதம் அறிவது வெறும் உடலின் செயலாகுமா? உடலுழைப்பு, மூளையுழைப்பு என்று நாம் எளிதாகப் பிரிக்கும்போது, தெக்கார்த்தின் கோட்டையே மீண்டும் இழுக்கிறோம். அக்கோட்டின் கீழ்ப்புறம் நிற்பவர்க்குக் கூலியும் குறைகிறது, மதிப்பும் குறைகிறது. வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் மூழ்கும் மாதங்களில் வேலையும் இல்லை. அக்காலத்துக்கென 5,000 ரூபாய் உதவித்தொகை வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கியது. அடைத்த கதவுகள் இன்னும் உள்ளன என்பதற்கு அத்திட்டமே சான்று.

நத்தத்தனார் அக்கதவை நமக்குத் திறந்து காட்டினார். ஆனால் நாணி மறைத்ததை வெறுமனே பார்ப்பவரை அவரே அறிவற்றோர் என்றும் குறித்தார். ஆகவே இவ்வடிகளைப் படிப்பவர் எவரும் தம்மை ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளாமல் தப்ப முடியாது: நாம் கதவுக்கு வெளியே நின்று நோக்குகின்றவர்களா, உள்ளே ஒருங்கிருந்து உண்ணும் சுற்றத்தாரா? உயிரைப் பற்றிய நம் பேச்சு எதுவாயினும், அதன் உண்மை இவ்விடையில் தெரிந்துவிடும்.