அலாரம் யாருக்கு அடிக்கிறது? – எஸ்ஆர்இ புத்தகத்தின் ஆறாம் அத்தியாயமும் விர்ச்சுவல் மெஷின்களும்

சர்வர் கண்காணிப்பு பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் பத்து நிமிடத்துக்குள் கூகுளின் எஸ்ஆர்இ புத்தகம் வந்து விழுந்துவிடும். 2016-ல் ஓ'ரைலி வெளியிட்டது. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். அதில் ராப் எவாஷுக் எழுதிய ஆறாம் அத்தியாயம், அலெர்ட் எப்படி வைக்க வேண்டும் என்ற விஷயத்தில் இன்றைக்கு ஏறக்குறைய வேதவாக்கு. "கூகுள்லயே இப்படித்தான் பண்றாங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டால் மீட்டிங்கில் மேற்கொண்டு யாரும் வாய் திறப்பதில்லை. அந்த அத்தியாயத்தை, அப்ளிகேஷன் எழுதுபவர் பக்கம் நின்று இல்லாமல், நூற்றுக்கணக்கான விர்ச்சுவல் மெஷின்களை மேய்க்கிறவர் பக்கம் நின்று படித்துப் பார்த்தேன். அந்த வாசிப்பில் கிடைத்தவை இங்கே.

அத்தியாயத்தின் சாரம் எளிமையானது. தூங்குகிற ஆளை எழுப்பும் அலெர்ட், நோயின் அறிகுறியைப் பார்த்து வர வேண்டும். காரணத்தைப் பார்த்து அல்ல. பயனருக்குப் பக்கம் திறக்கவில்லை என்றால் எழுப்பு. சிபியு 90 சதவீதம் என்பதற்காக எழுப்பாதே. எழுப்பப்பட்ட ஆள் ஏதாவது செய்யக்கூடியதாக இருக்க வேண்டும், அதுவும் மூளையைப் பயன்படுத்திச் செய்ய வேண்டியதாக. இயந்திரத்தனமாகச் செய்யக்கூடிய வேலை என்றால் அதை ஸ்கிரிப்ட்டே செய்துவிட்டுப் போகட்டும். கூடவே, கவனிக்க வேண்டிய நான்கு அளவுகள்: தாமதம், வரத்து, பிழை, கொள்ளளவு நெருக்கடி.

இதில் எதையும் மறுக்க முடியாது. மறுக்க நினைப்பவர்கள் விசென்டரை நிறுவி, அது தானாகவே வைத்துக்கொள்ளும் அலாரங்களைப் பார்த்தால் போதும். விர்ச்சுவல் மெஷினின் சிபியு பயன்பாடு 5 நிமிடம் 75 சதவீதத்தைத் தாண்டினால் மஞ்சள், 90-ஐத் தாண்டினால் சிவப்பு. ராத்திரி இரண்டு மணிக்குச் சம்பளக் கணக்குப் போடும் மெஷின் 95 சதவீதத்தில் ஓடினால் அதில் என்ன தப்பு? காசு கொடுத்து வாங்கிய சிபியு வேலை செய்கிறது, அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. 200 மெஷின், ஒவ்வொன்றிலும் 15 சோதனை, நிமிடத்துக்கு ஒரு முறை. ஒரு நாளைக்கு 43,20,000 சோதனை முடிவுகள். லட்சத்தில் ஒன்று மட்டும் பொய்யாக இருந்தாலே தினமும் 43 பொய் அலெர்ட். லட்சத்தில் ஒன்று என்பது கனவில்கூடக் கிடைக்காத துல்லியம். நாகியோஸ் போன்ற பழைய கருவிகள், தொடர்ந்து மூன்று நான்கு முறை தோற்றால்தான் உண்மையான கோளாறு என்று எடுத்துக்கொள்வது இதனால்தான். ஸ்னாப்ஷாட்டை நீக்கும்போது மெஷின் சில நொடி உறைந்து நிற்கும். பேக்கப் நேரத்தில் அது தினசரி நடப்பது. ஒரே ஒரு சோதனையை நம்பி ஆளை எழுப்பினால் தினமும் பேக்கப் நேரத்தில் எழுப்ப வேண்டியதுதான்.

ஆக, எவாஷுக் சரி. என் சிக்கல் வேறு இடத்தில்.

பயனர் என்று அத்தியாயம் சொல்கிறதே, அவர் யார்? கூகுளில் ஜிமெயில் குழுவுக்கு ஜிமெயில் பயனர். விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிப்பவருக்கு? மேலே ஓடுவது வங்கி அப்ளிகேஷனா, யாரோ மறந்துபோன டெஸ்ட் சர்வரா என்பதே பல நேரம் அவருக்குத் தெரியாது. அப்ளிகேஷனின் தாமதத்தை அளக்க அவரிடம் அனுமதியும் இல்லை, கருவியும் இல்லை. "அறிகுறியைப் பார்" என்று அவரிடம் சொன்னால், எந்த அறிகுறி என்று திருப்பிக் கேட்பார்.

பதில் அந்த அத்தியாயத்திலேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. அடுக்கடுக்கான அமைப்பில் ஒருவருக்கு அறிகுறியாக இருப்பது இன்னொருவருக்குக் காரணம் என்று எவாஷுக் ஓரிடத்தில் சொல்கிறார். டேட்டாபேஸ் மெதுவாகப் படிப்பது டேட்டாபேஸ் ஆளுக்கு அறிகுறி, முன்பக்க ஆளுக்குக் காரணம். சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நியாயமாகப் பார்த்தால் அங்கேதான் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். ஏனென்றால் உலகத்தில் முக்கால்வாசிப் பேர் நடு அடுக்கில் வேலை செய்பவர்கள்.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால், ஹைப்பர்வைசரின் பயனர் மனிதர் இல்லை, மேலே ஓடும் கெஸ்ட் ஆபரேட்டிங் சிஸ்டம். அது கேட்பது சிபியு நேரம், நினைவகம், டிஸ்க், நெட்வொர்க். கேட்டது கேட்ட நேரத்தில் கிடைக்கிறதா என்பதுதான் இங்கே அறிகுறி. சிபியு எவ்வளவு செலவாகிறது என்பது வரத்து. சிபியுவுக்காக எவ்வளவு நேரம் வரிசையில் நின்றது என்பதுதான் தாமதம். வி.எம்.வேர் உலகத்தில் அதற்கு சிபியு ரெடி என்று பெயர். கேவிஎம், சென் பக்கம் லினக்ஸில் டாப் கட்டளை காட்டும் ஸ்டீல் டைம் கிட்டத்தட்ட அதேதான்: நான் ஓடத் தயார், ஆனால் என்னை ஓட விடவில்லை.

ரெடி என்ற அளவைப் புரிந்துகொள்ளாமல் த்ரெஷோல்ட் வைப்பவர்கள் நிறையப் பேர். விசென்டர் வரைபடம் அதைச் சதவீதமாகத் தராமல் மில்லி செகண்டில் கூட்டுத்தொகையாகத் தருகிறது. நிகழ்நேர வரைபடத்தில் ஒரு புள்ளி என்பது 20 நொடி. 4 விசிபியு உள்ள மெஷினுக்கு 4000 என்று காட்டினால், 20,000-ல் 4000, அதாவது 20 சதவீதம். பார்த்தவுடன் பகீர் என்கிறது. நான்கு விசிபியுவுக்குப் பிரித்தால் ஆளுக்கு 5 சதவீதம். கவனிக்க வேண்டிய எல்லைதான், ஆனால் கூரை இடிந்து விழவில்லை. அதே 4000, முந்தைய நாளுக்கான வரைபடத்தில் வந்தால்? அங்கே ஒரு புள்ளி 5 நிமிடம், 3,00,000 மில்லி செகண்ட். விசிபியுவுக்கு 0.33 சதவீதம், ஒன்றுமே இல்லை. ஒரே எண், இரண்டு பொருள். வெறும் எண்ணை மட்டும் எடுத்து "2000-க்கு மேலே போனா அலெர்ட்" என்று வைப்பது, ரூபாயா பைசாவா என்று கேட்காமல் கணக்கு எழுதுவது மாதிரி.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. மெஷின் மெதுவாக இருக்கிறது என்று அப்ளிகேஷன் குழு புகார் சொன்னால், வழக்கமான மருந்து விசிபியுவைக் கூட்டுவது. ஹோஸ்ட் ஏற்கெனவே நெரிசலாக இருந்தால் நாலை எட்டாக்குவது வரிசையை இன்னும் நீளமாக்கும். மெஷின் முன்பைவிட மெதுவாகும். அதே நேரம் சிபியு பயன்பாட்டுச் சதவீதம் இறங்கிவிடும், அலாரம் பச்சையாகிவிடும். அளவு நல்லதாகிறது, நிலைமை கெட்டுப்போகிறது. எஸ்ஆர்இ அத்தியாயத்தின் கொள்கைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது, ஆனால் அது இந்தப் பக்கம் வரவே இல்லை.

நினைவகம் இதைவிடக் குழப்பம். விசென்டர் ஒரு மெஷினின் நினைவகப் பயன்பாடு என்று காட்டுவது, அண்மையில் தொடப்பட்ட பக்கங்களின் மதிப்பீடு. அதையும் எண்ணிப் பார்ப்பதில்லை, மாதிரி எடுத்து ஊகிக்கிறது. கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002-ல் ஓஎஸ்டிஐ மாநாட்டில் கொடுத்த கட்டுரையில் அந்த முறை இருக்கிறது: 30 நொடிக்கு 100 பக்கங்களைக் குலுக்கிப் போட்டு எடுத்து, அதில் எத்தனை தொடப்பட்டன என்று பார்ப்பது. (ஆர்வமுள்ளவர்கள் அந்தக் கட்டுரையைத் தேடிப் படிக்கலாம். அவ்வளவு தெளிவான சிஸ்டம்ஸ் கட்டுரைகள் குறைவு.) பெரிய கேஷ் வைத்திருக்கும் டேட்டாபேஸ் மெஷினில் விசென்டர் 15 சதவீதம் என்கும், உள்ளே இருக்கும் ஏஜெண்ட் 95 சதவீதம் என்கும். இரண்டுமே உண்மை. இரண்டையும் வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது என்பதும் உண்மை.

உள்ளே இருக்கும் ஏஜெண்ட்டின் 95-ம் பல நேரம் வெறும் பயமுறுத்தல். லினக்ஸ் காலியாக இருக்கும் நினைவகத்தையெல்லாம் கோப்புக் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும், கேட்டால் திருப்பிக் கொடுக்கும். உண்மையில் எவ்வளவு மிச்சம் என்று கெர்னலே மதிப்பிட்டுச் சொல்லும் மெம்அவைலபிள் என்ற வரி 2014-ல் 3.14 பதிப்பிலேயே வந்துவிட்டது. இன்னமும் கேஷையும் செலவுக் கணக்கில் சேர்த்து ராத்திரியில் ஆளை எழுப்பும் ஸ்கிரிப்ட்டுகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

நிஜமான அறிகுறி எது? பலூனும் ஸ்வாப்பும். ஹோஸ்டில் நினைவகம் பற்றாக்குறை ஆனால், ஹைப்பர்வைசர் கெஸ்டுக்குள் இருக்கும் ஒரு டிரைவரைப் பலூன் மாதிரி ஊதி, அந்த இடத்தைத் தான் எடுத்துக்கொள்கிறது. கெஸ்டுக்குள் பார்த்தால் நினைவகம் திடீரென்று எங்கோ போய்விட்டது. எந்தப் புரோசஸும் சாப்பிட்டதாகத் தெரியாது. அலெர்ட் அப்ளிகேஷன் குழுவுக்குப் போகிறது, அவர்கள் இல்லாத மெமரி லீக்கை மூன்று நாள் தேடுகிறார்கள். சரியான அலெர்ட், தப்பான ஆளுக்கு. பலூன் தொடர்ந்து ஊதியிருந்தாலோ, ஹோஸ்ட் ஸ்வாப்பிலிருந்து வாசிப்பு நடந்தாலோ, அது ஹோஸ்ட்காரருக்குப் போக வேண்டும். யாருக்குப் போகிறது என்பதும் டியூனிங்கில் சேர்த்திதான். த்ரெஷோல்டை 80-லிருந்து 85 ஆக்குவது மட்டும் டியூனிங் ஆகாது.

டேட்டாஸ்டோர் பற்றிச் சுருக்கமாக. தானாக வருவது 75 மஞ்சள், 85 சிவப்பு. 40 டெராபைட்டில் 85 சதவீதம் என்றால் இன்னும் 6 டெராபைட் காலி. 500 ஜிகாபைட்டில் 75 ஜிகாபைட்தான், யாரோ எடுத்துவிட்டு மறந்த ஸ்னாப்ஷாட் ஒன்றே அதைத் தின்றுவிடும். இங்கே கேட்க வேண்டியது எவ்வளவு நிறைந்தது என்பதை அல்ல, எப்போது நிறையும் என்பதை. நிறைந்தபின் அறிகுறிக்காகக் காத்திருந்தால் அதில் உள்ள மெஷின்கள் வரிசையாக நின்றுபோகும். எவாஷுக்கும் இதை விட்டுவிடவில்லை. டிஸ்க் நாலு மணி நேரத்தில் நிறையப்போகிறது என்பதைக் கொள்ளளவு நெருக்கடியில் சேர்க்கிறார். புரோமீதியஸில் பிரெடிக்ட் லீனியர் என்ற ஃபங்ஷன் இந்த வேலைக்குத்தான்.

இனி எனக்கு உண்மையாகவே கோபம் வரும் இடம். அத்தியாயத்தில் பிக்டேபிள் கதை ஒன்று வருகிறது. அலெர்ட் தொல்லை தாங்காமல், குழு தன் சேவை இலக்கைத் தற்காலிகமாகத் தளர்த்திக்கொண்டது, ஈமெயில் அலெர்ட்டுகளை நிறுத்தியது, கிடைத்த மூச்சுவிடும் நேரத்தில் அடிப்படைக் கோளாறுகளைச் சரிசெய்தது. அருமையான முடிவு. அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது. சென்னையில் ஏதோ ஒரு மாடியில் ராத்திரி ஷிஃப்டில் அமெரிக்க வாடிக்கையாளரின் சர்வர்களைப் பார்க்கும் 23 வயதுப் பையனிடம் அது இல்லை. ஓர் அலெர்ட்டை அணைக்க அவன் மூன்று பேரிடம் மெயிலில் அனுமதி வாங்க வேண்டும், அதில் ஒருவர் வேறு கம்பெனி. நான் பார்த்த ஓர் இடத்தில் மாதாந்திர அறிக்கையின் முதல் பக்கமே "கையாண்ட டிக்கெட்டுகள்" என்ற எண்தான். பொய் அலெர்ட்டுகளைக் குறைக்கலாம் என்று ஒருவர் திட்டம் எழுதிக் கொடுத்தார். "டிக்கெட் குறைஞ்சா ஆள் குறைப்பாங்க, பரவாயில்லையா?" என்று கேட்டார்கள். திட்டம் அத்தோடு போச்சு.

புத்தகத்தின் பதினொன்றாம் அத்தியாயம், ஒரு சம்பவத்துக்கு ஆய்வும் எழுத்தும் சேர்த்து சராசரியாக 6 மணி நேரம் ஆகும், ஆகவே 12 மணி நேர ஷிஃப்டில் இரண்டுக்கு மேல் கூடாது என்கிறது. சென்னைப் பையனுக்கு இந்த அளவுகோல் வேற்றுக்கிரகத்துச் செய்தி. அவன் வீட்டில் தூங்கிக்கொண்டு போன் வந்தால் எழும் எஞ்சினியர் இல்லை. திரை முன்னால் உட்கார்ந்திருக்கும் கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். அவனுக்கான இலக்கியம் வேறு இடத்தில், மென்பொருள்காரர்கள் எட்டிப் பார்க்காத இடத்தில் இருக்கிறது.

1994 ஜூலை 24, வேல்ஸில் மில்ஃபோர்ட் ஹேவன் அருகே டெக்ஸகோ சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் முன்னால் வந்த அலாரங்கள் 275. அதற்குப் பின்னால் 1999-ல் வந்ததுதான் ஈஇஎம்யுஏ 191 என்ற வழிகாட்டி. நிலையான இயக்கத்தில் ஓர் ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு அலாரத்துக்கு மேல் கூடாது என்று அது அளவு வைத்தது. பின்னால் வந்த ஐஎஸ்ஏ 18.2 தரநிலை, ஆபரேட்டர் குறித்த நேரத்துக்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்றால் மட்டும்தான் அதை அலாரம் என்றே அழைக்கிறது. பத்து நிமிடத்தில் பத்தைத் தாண்டினால் அலாரம் வெள்ளம் என்று தனிப் பெயர். ஒவ்வொரு அலாரத்துக்கும் எழுத்துபூர்வமான நியாயம் வேண்டும்: எதனால் வருகிறது, என்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும், எவ்வளவு நேரம் இருக்கிறது.

ஒரு ஹோஸ்ட் விழுந்தால் அதில் ஓடிய 40 மெஷின்களும் ஆளுக்கு ஐந்து சோதனையில் தோற்றால் 200 அலெர்ட். மில்ஃபோர்ட் ஹேவன் கணக்குக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டோம். ஹோஸ்ட் விழுந்தது என்ற ஒன்றே ஒன்று வந்தால் போதும், மற்றதெல்லாம் அதன் கீழ் அடங்க வேண்டும். புரோமீதியஸின் அலெர்ட்மேனேஜரில் இதற்கான வசதி உண்டு, நாகியோஸில் பெற்றோர்–பிள்ளை உறவாக அதற்கும் முன்பே உண்டு. ஆனால் எந்த மெஷின் எந்த ஹோஸ்டில் என்பது விமோஷனில் மணிக்கு மணி மாறும் சூழலில், கையால் எழுதிய உறவுப் பட்டியல் ஒரு வாரம்கூட உண்மையாக இருக்காது. விசென்டரிடமே அவ்வப்போது கேட்டு லேபிளாக ஒட்டிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதி இரைச்சல் அடங்கும் என்பது என் கட்சி.

எஸ்ஆர்இ புத்தகம் இந்த முப்பது வருட ஆலை அனுபவத்தை எடுத்து ஆறாம் அத்தியாயத்தின் பக்கத்தில் வைத்திருந்தால் அதன் வீச்சே வேறாக இருந்திருக்கும். 2018-ல் வந்த துணைநூலிலும் அந்தக் குறை தீரவில்லை. அதில் அலெர்ட் அத்தியாயம் முழுக்கப் பிழை பட்ஜெட் எரியும் வேகம் பற்றியது: ஒரு மணி நேரத்தில் மாத பட்ஜெட்டில் 2 சதவீதம், அதாவது 14.4 மடங்கு வேகத்தில் எரிந்தால் எழுப்பு. கணிதம் அழகு. சேவை இலக்கு யாராவது நிர்ணயித்திருந்தால்தான் பட்ஜெட் என்று ஒன்று இருக்கும். விர்ச்சுவல் மெஷின் குழுவுக்கும் அப்படி ஒரு இலக்கு வைக்க முடியும்: எந்த மெஷினும் மாதத்தில் 99.9 சதவீத நேரம், விசிபியுவுக்கு 5 சதவீதத்துக்கு மேல் ரெடியில் நிற்காது என்று. 30 நாள் மாதத்துக்கு 43.2 நிமிடம் மீறலாம். அப்படி எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்றைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம், மெஷின் ஆன் ஆகியிருந்தால் போதும் என்பவைதான்.